வெஞ்சனத்துக்குக் கொஞ்சம் சோறு

எங்கள் வீட்டில் ஒரு சோற்றுக் கரண்டி இருக்கிறது. 1971-இல் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வந்தது. காம்பு ஒருமுறை ஒடிந்து, தாராவியில் பற்றவைத்த தழும்போடு இன்றும் உழைக்கிறது. தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறையில் இருந்தபோதும் அதுதான், செம்பூருக்குக் குடிவந்த பிறகும் அதுதான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரண்டி நிறையச் சோறு எடுத்து, புதிதாக வாங்கிய எலெக்ட்ரானிக் தராசில் கவிழ்த்தேன். 142 கிராம்.

அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“சோத்தப் போயி நிறுக்கியாக்கும்? என்ன, தங்கமா அது?”

சமைத்த சோற்றில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. ஆக, ஒரு கரண்டிக்கு 40. எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு: குழம்புக்கு ரெண்டு கரண்டி, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. நாலு நாற்பது நூற்று அறுபது. குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கும் அப்பளமும் தனி. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதில் மாவுச்சத்து 130 கிராமுக்குள் இருந்தால்தான் பொதுவாக அதை ‘லோ கார்ப்’ என்கிறார்கள். மோர்ச் சோற்றில் கை வைத்த உடனேயே நான் அந்த எல்லையைத் தாண்டிவிடுவேன். இட்லி, ராத்திரிச் சப்பாத்தி, நாலு டீ எல்லாம் அதற்குமேல்.

தராசு வாங்கக் காரணம் ஒரு ரிப்போர்ட். ஹெச்பிஏ1சி 9.2. சுகர் வந்து ஆறு வருஷம், மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை, காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்தால் 140, 150 என்று நல்ல பிள்ளையாகத்தான் காட்டும். இந்த மூன்று மாதக் கணக்கு அப்படி ஏமாறாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அத்தனை நாளும் அதன் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதுதான் அந்த எண். டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் பாகற்காய் தின்றுவிட்டுப் போகும் வித்தையெல்லாம் செல்லாது. 9.2 என்றால் ராத்திரி பகல் சேர்த்துச் சராசரி 217 என்று அர்த்தம். காலையில் 145 காட்டுகிற உடம்பின் சராசரி 217 என்றால், சாப்பிட்ட பிறகு எங்கெங்கே போய் நின்றிருக்கும்? அதுவரை நான் சாப்பாட்டுக்குப் பிறகு குத்திப் பார்த்ததே இல்லை. பயந்துதான்.

அப்பாவுக்கும் இதுதான். தாராவியில் தோல் பட்டறை வேலை. நாற்பத்தைந்தில் சுகர் வந்தது. சோற்றைக் குறை, சப்பாத்தி தின்னு என்று அன்றைக்கு எல்லாருக்கும் சொன்னதையே அவருக்கும் சொன்னார்கள். அப்பா சொன்ன பேச்சைக் கேட்கிறவர். ராத்திரி ஆறு சப்பாத்தி, உருளைக்கிழங்கு பாஜி. கால் பெருவிரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தில் பாதி. 2004-இல் போய்விட்டார். கடைசிவரை பத்தியத்தை மீறாதவர் என்று அம்மா இன்றும் பெருமையாகச் சொல்வாள். நான் பதில் பேசுவதில்லை.

இந்தச் சப்பாத்தி நம்பிக்கை நம் ஆட்களிடம் சாமி கும்பிடுகிற மாதிரி ஊறிப்போனது. அரிசியில் நூறு கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவு, கேழ்வரகு மாவு எதை எடுத்தாலும் 65, 70 என்று பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது. நார்ச்சத்து கூட, சத்து கூட, சரி. ஆனால் நாலு கரண்டிச் சோற்றுக்குப் பதில் ஆறு சப்பாத்தி என்றால் என்ன மிச்சம்? இதை நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சென்னையில் இருக்கிற மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று 2023-இல் சொன்னது அதுதான். அதே ஆய்விலிருந்து 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த கட்டுரை, நம்மவர்களுக்குக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. கூடவே இன்னொன்றும்: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றிக்கொள்வதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அதைப் படித்த அன்று அப்பாவின் ஆறு சப்பாத்திதான் ஞாபகம் வந்தது.

இதற்கு முன்பு ஒருமுறை முயன்றிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் ஃபேஸ்புக்கில் தானியத்தையே ஒதுக்கும் பேலியோ உணவுமுறை அலை அடித்ததே, அப்போது ஊரில் இருக்கும் மச்சான் என்னையும் இழுத்துவிட்டான். காலையில் நூறு பாதாம், பட்டர் டீ, மதியம் நாலு முட்டை, ராத்திரி கறி. பதினோரு நாள் தாங்கினேன். நாலாம் நாள் தலைவலி, ஆறாம் நாள் ராத்திரி கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் தண்ணீரோடு உப்பையும் வெளியே தள்ளும், அதனால்தான் இந்த இழுப்பு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உப்புப் போட்ட மோர் குடித்திருந்தால் சமாளித்திருக்கலாம். அந்த முறையில் நன்றாகத் தேறியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. எனக்கு அது தினமும் யார் வீட்டிலோ விருந்தாளியாகச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. பாதாமைத் தவிர்த்து வேறு ஏதாவது கேட்கக் கூச்சம்.

9.2-க்குப் பிறகு என் இஷ்டத்துக்கு ஆரம்பித்ததில் வேறொரு முட்டாள்தனம் செய்தேன். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் நிறைய.

ஒரு வாரம் சோறு, சப்பாத்தி, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மாத்திரையை நிறுத்தவில்லை. காலையில் மெட்ஃபார்மினோடு 2 மில்லிகிராம் கிளிமிபிரைடு. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சிஎஸ்எம்டியில் பன்வேல் லோக்கல் ஏறினேன். உட்கார இடம் கிடைக்காது, எப்போதும்போல் நின்றுகொண்டுதான். சிவ்ரி தாண்டியதும் முதுகு நனைந்தது. மும்பையில் வேர்ப்பது புதிதா? ஆனால் இது குளிர்ந்த வேர்வை. மேலே பிடித்திருந்த கைப்பிடி நழுவிக்கொண்டே இருந்தது. அடுத்த ஸ்டேஷன் பெயரை ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொல்கிறது, மூன்றும் எனக்குத் தெரிந்த மொழிதான், எந்தப் பெயர் என்று பிடிபடவில்லை. வடாலாவில் கூட்டம் தள்ளியதில் இறங்கினேனா, நானாக இறங்கினேனா தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் ஒருத்தர், “காய் ஜாலா, காகா?” என்று மராத்தியில் என்ன ஆச்சென்று கேட்டார். வாய் திறக்கவில்லை. விரலைக் குத்துகிற மாதிரி சைகை காட்டினேன். அவர் வீட்டிலும் யாருக்கோ சுகர் இருந்திருக்க வேண்டும். ஓடிப்போய் ஒரு கட்டிங் சாய் வாங்கி, மூன்று ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார். தன் பையிலிருந்து பார்லே-ஜி பாக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். கை நடுக்கத்தோடு மீட்டரில் பார்த்தால் 54. எழுபதுக்குக் கீழே போனாலே அபாயம். கால் மணி நேரம் கழித்து 81. அதுவரை அந்த மனிதர் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். கிளிமிபிரைடு வகை மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கிறது. நீ சாப்பிட்டாயா, பட்டினியா என்று அதற்குத் தெரியாது. சோற்றை நிறுத்துவதாக இருந்தால் முதலில் என்னிடம் வந்திருக்க வேண்டும் என்றார். அதை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொன்னார். அது பெரும்பாலும் ஈரல் சர்க்கரை உற்பத்தி செய்வதை அடக்குகிற மருந்து, தனியாக எடுக்கும்போது இப்படிக் கவிழ்ப்பது அபூர்வம். கிரியேட்டினின், மூத்திரத்தில் அல்புமின் இரண்டும் பார்த்தார். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் முட்டையும் கறியுமாக அடுக்கக் கூடாதாம். என் மச்சான் எடுக்கிறானே, சர்க்கரையை மூத்திரத்தில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், அதைச் சாப்பிட்டுக்கொண்டு மாவுச்சத்தை ஒட்ட நிறுத்தினால், மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு என்றும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அன்றைக்கே மச்சானுக்கு ஃபோன் போட்டேன். “நீ இப்ப டாக்டராயிட்டியோ” என்றான். ஆனாலும் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

டாக்டரம்மா சொல்லி, மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று வாங்கினேன். பதினான்கு நாள் இருக்கும். ரத்தத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் ஊறும் நீரில் இருக்கும் சர்க்கரையைப் பார்க்கிறது, அதனால் சில நிமிஷம் பின்தங்கியே காட்டும். விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் பதினான்கு நாளில் கற்றதை ஆறு வருஷத்தில் கற்கவில்லை. ஒருத்தன் உடம்பில் பார்த்ததுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேழ்வரகுக் கஞ்சி ஒரு பெரிய தம்ளர்: 118-இல் ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் 229. சுகருக்கு நல்லது என்று ஆறு வருஷமாகக் காலையில் குடித்தது. மாவாக அரைத்து, கூழாக வேகவைத்துக் குடித்தால் கடிக்கவும் வேலையில்லை, செரிக்கவும் வேலையில்லை. மூன்று இட்லி 207. ஒரே அளவுச் சோறு, ஒரே குழம்பு: சோற்றிலிருந்து ஆரம்பித்த நாள் 221, பொரியலையும் முட்டையையும் முழுக்கத் தின்றுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்த நாள் 183. சாப்பிட்டதும் செட்டா நகர் முருகன் கோவில் வரை நடந்துவிட்டு வந்தால் இன்னும் இருபது முப்பது குறையும். ராத்திரி 112-க்குப் படுத்தால் காலையில் 138, ஒன்றும் தின்னாமலே. விடியும்போது உடம்பு தன்னை எழுப்பிக்கொள்ள ஈரலிலிருந்து சர்க்கரையை இறக்குகிறதாம். இதெல்லாம் போக, ஆபீசில் ஆடிட் சண்டை நடந்த நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு 168. அதற்கு எந்தப் பத்தியமும் கிடையாது.

பிறகு தின்பதற்கு என்ன வழி? காலிஃப்ளவரைத் துருவிச் சோறு மாதிரி வதக்கி ஒருநாள் மனைவி வைத்தாள். அம்மா விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “பொரியல்தான, சோறு எங்க?” என்றாள். எனக்கும் இந்தப் போலிச் சோறு, பாதாம் மாவுத் தோசை வகையறா ஒத்துவரவில்லை. இல்லாத ஒன்றை நினைவுபடுத்தி நினைவுபடுத்தியே சாகடிக்கும்.

வழி அம்மாவின் வாயிலிருந்துதான் வந்தது, அவளுக்குத் தெரியாமல். ஒருநாள் தட்டில் கொத்தவரங்காய்ப் பொரியலும் அவியலும் அயிலை மீனும் குவித்துவைத்து ஓரத்தில் துளி சோறு போட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “சோத்துக்கு வெஞ்சனம் வச்சித் திம்பாங்க. இவன் வெஞ்சனத்துக்குச் சோறு வச்சித் திங்கான்!”

வெஞ்சனம் என்றால் எங்கள் பக்கத்தில் தொட்டுக்கொள்ளும் கறி. அந்தச் சொல்லிலேயே அது துணைக்கு வந்ததுதான், சோறுதான் வீட்டுக்காரர். ஏன் அப்படி ஆனது என்று யோசித்தால் தாராவி அறைதான் கண்ணில் வருகிறது. ஐந்து பேருக்கு நாலு துண்டு கருவாடு. அப்பாவின் வாரக் கூலியில் மீதி வயிற்றை ரேஷன் அரிசிதான் நிரப்ப வேண்டும். ஒரு துண்டுக் கருவாடு ஒரு மலைச் சோற்றை உள்ளே தள்ள வேண்டுமானால், அது உப்பாலும் காரத்தாலும் நாக்கைச் சுண்ட வேண்டும். எங்கள் புளிக்குழம்பின் உறைப்பெல்லாம் அந்த வேலைக்காக ஏற்பட்ட அளவு. இதை நாங்கள் கண்டுபிடித்தது அடுப்படியில்தான்: சோற்றைக் குறைத்துவிட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கப் பார்த்தால் தொண்டை எரிந்தது. உப்பையும் புளியையும் பாதியாகக் குறைத்து, தேங்காயைக் கூட்டி, காயை மூன்று மடங்கு போட்ட பிறகுதான் அது தனியாகச் சாப்பிடுகிற பண்டமாக மாறியது. மனைவி ஒரு மாதம் திண்டாடினாள். எந்தச் சமையல் குறிப்பிலும் இந்த மாற்றத்தை எழுதிவைத்திருக்கவில்லை.

இப்போது எங்கள் தட்டு இப்படி: காய் இரண்டு, பெரிய கரண்டியில். முட்டை அல்லது மீன் அல்லது பனீர் அல்லது சுண்டல். மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும் முருங்கைக்கீரை, புடலை, அவரை. மீன்காரம்மாவிடம் பாங்டா, அவளுக்குப் பாங்டா, நமக்கு அயிலை. பருப்பில் மாவுச்சத்து உண்டு என்று சிலர் அதையும் விரட்டுகிறார்கள். நான் விரட்டவில்லை, அளந்து போட்டுக்கொள்கிறேன். சோறு அரைக் கரண்டி, கடைசியில். ஒரு நாளுக்கு எண்பது, நூறு கிராம் மாவுச்சத்தில் நிற்கிறது. காலையில் ஆபீஸ் பக்கத்து வண்டியில் பாவ் ரொட்டி இல்லாமல் முட்டை புர்ஜி. “பாவ் நஹி?” என்று கடைக்காரர் மூன்று மாதம் தினமும் கேட்டார். இப்போது கேட்பதில்லை, பாவுக்கு உள்ள காசைக் குறைத்துக்கொள்வதும் இல்லை.

செலவைச் சொல்லாமல் இந்த உணவுமுறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. எங்கள் வீட்டில் மளிகை, காய், மீன் சேர்த்து மாதம் மூவாயிரத்துக்குமேல் ஏறிவிட்டது. எனக்கு முடிகிறது. அப்பாவுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தாலும் அந்தக் கூலியில் நடந்திருக்காது. ஆறு சப்பாத்தி அவருடைய அறியாமை மட்டுமில்லை.

ஏழு மாதத்தில் ஹெச்பிஏ1சி 6.6. எடை ஒன்பது கிலோ குறைந்தது. இதில் எவ்வளவு மாவுச்சத்தைக் குறைத்ததால், எவ்வளவு எடை குறைந்ததால் என்று பிரிக்க முடியாது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், 2017-இல் வெளியானது, எடை இறக்கக் குறைந்த கலோரி உணவு கொடுக்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருஷத்தில் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தார்கள். அதில் மாவுச்சத்தை ஒதுக்கவே இல்லை. ஆகவே ‘சோறுதான் விஷம்’ என்கிற பிரசங்கத்துக்கு நான் ஆள் இல்லை. இன்னொரு ரகசியம்: முதல் மூன்று மாதம் நெய்யும் வெண்ணெயும் அள்ளி ஊற்றியதில் கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 104-இலிருந்து 151-க்குப் போனது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. நல்லெண்ணெயும் நிலக்கடலையுமாக மாறி இப்போது 118.

அம்மா ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் தை மாதம் என் பிறந்தநாளுக்குச் சொதி வைத்தாள். சொதி என்றால் எங்களுக்கு மாப்பிள்ளை விருந்துச் சாப்பாடு. தேங்காயைத் துருவி, முதல் பால், ரெண்டாம் பால் பிழிந்து, சிறுபருப்பும் காய்களும் இஞ்சி பச்சைமிளகாயும் போட்டுக் கடைசியில் எலுமிச்சை பிழிவது. கிண்ணத்தில் தேடினேன், உருளைக்கிழங்கு இல்லை. முருங்கைக்காயும் பீன்ஸும்தான் இரண்டு பங்கு. அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இஞ்சிப் பச்சடியில் மட்டும் வெல்லம் கொஞ்சம் தூக்கல். அதைச் சாப்பிட்டேன்.

பழைய தெருப்பக்கம் மாதத்துக்கு ஒருமுறை போவேன். எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா விடியக்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி இட்லி அவித்து, சைக்கிளில் ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டு சயான் பக்கம் விற்கப் போகிறவர். நாற்பது வருஷமாக அதே வேலை. அவருக்கும் சுகர். போன ஞாயிறு சைக்கிளை மறித்து ஒரு இட்லி கேட்டேன். கொண்டுபோன தூக்குச்சட்டியில் இரண்டு முட்டை அவித்து வைத்திருந்தேன், அதற்குத் தோதாக சாம்பாரும் சட்னியும் வாங்கிக்கொள்ளலாம் என்று. அவர் தூக்குச்சட்டியைத் திறந்து முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு இட்லியை வைத்து, சட்டி நிறையச் சாம்பாரை ஊற்றினார்.

“எல, இட்லிக்குத்தான் துட்டு. சாம்பாரும் சட்னியும் சும்மா குடுக்கது. ஒன்ன மாதிரி நாலு பேரு வந்தான்னா நான் சைக்கிள வித்துட்டு ஊரப் பாக்கப் போவ வேண்டியதான்.”

ஐம்பது ரூபாய் நீட்டினேன். ஒரு இட்லிக்கு உள்ளதை எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, ஹார்னை அமுக்கினார்.